4 லட்சத்துக்கு ஜீப்பை மாத்துறதுக்கு முன்னாடி ஆர்சி-யை ஒரு தடவை எடுத்துப் பாருங்க

போன மாசம் ஏற்காடு நாகலூர்ல இருந்து என் மச்சான் போன் பண்ணார். "மாப்ளே, 4 லட்ச ரூபா எஃப்டி-யை இப்பவே உடைச்சா எவ்வளவு புடிப்பாங்க?"

எதுக்குன்னு கேட்டேன். அவங்க அப்பா விட்டுட்டுப் போன மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பை ஆஃப்-ரோடு வண்டியா மாத்தணுமாம். பட்டறையில கொட்டேஷனே வாங்கிட்டார். பெரிய டயர், வண்டியை உயர்த்த லிஃப்ட் கிட், வேற கம்பெனி டர்போ என்ஜின், இரும்பு பம்பர், வின்ச். அந்த எஃப்டி அவர் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்காகப் போட்டது.

அவர் ஆசை எனக்குப் புரியுது. காபி மூட்டை, உரம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரின்னு அந்தக் குடும்பத்தையே சுமந்த வண்டி. அதனால அட்வைஸ் எதுவும் பண்ணல. "ஆர்சி-யை போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

ஏன்னா, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்துல இருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிடுச்சு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பஞ்சாப்-ஹரியானா எல்லையில இருக்கிற மண்டி டப்வாலியில இருந்து ஜொலிக்கிற ஜீப் வீடியோ வருதே, அதைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்புறவங்களும் இதை யோசிக்கணும்.

சரி, அபராதத்தைக் கட்டிடலாம்னு நினைக்கிறீங்களா? எனக்குப் பயம் அதுல இல்ல. 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின காருக்கும் ஜீப்புக்கும் அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000 ரூபாய். அதைக் கட்டிட்டுப் போனா, என்ஜின் நம்பரை ஆர்சி-யோட ஒத்துப் பார்ப்பாங்க. ஒத்துப் போகலேன்னா? 4 லட்சம் தோட்டத்து ஷெட்டுல நிக்கும். சொல்லாம மாத்தின வண்டி கவிழ்ந்தா, வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் க்ளெய்மும் தகராறுதான்.

"தோட்டத்துக் கணக்குல செலவு எழுதிக்கலாமே"ன்னார். எழுதலாம். ஆனா காபியை விளைவிச்சு, க்யூரிங் பண்ணி விக்கிறவங்களோட லாபத்துல 25 சதவீதம்தான் வருமான வரிக்கு வரும். 1 லட்சம் ரிப்பேர் செலவு எழுதினா, வரிக்கு வர்ற தொகை 25,000தான் குறையும். அதுக்காக ஆசைப்பட்டு செலவு பண்ற அளவுக்கு அது பெரிய லாபம் இல்லீங்க.

பழைய வண்டியைப் பழைய மாதிரியே சரி பண்றதுக்குத் தடை இல்ல. பிரேக், ஸ்டீயரிங், லீஃப் ஸ்பிரிங், என்ஜின் வேலை எல்லாம் தாராளமா பண்ணலாம். என்னைக் கேட்டா முதல் ரூபா பிரேக்குக்குத்தான். சேலம் ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. பழைய டிரம் பிரேக் இறக்கத்துல சூடாகி பிடிமானம் விட்டுடும். கனமான பெரிய டயர் போட்டா அதுக்கு இன்னும் கஷ்டம். சேறு, மேடுக்கு அந்த ஜீப்புல ஃபோர் வீலும் லோ கியரும் ஏற்கெனவே இருக்கு. இன்னொண்ணு, சேர்வராயன் மலையில ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள்ள அனுமதியில்லாம நுழையவே கூடாது. ஓட்டுறதுன்னா சொந்தத் தோட்டத்துப் பாதையிலதான்.

மச்சான் எஃப்டி-யை உடைக்கல. பிரேக், ஸ்டீயரிங், என்ஜின் வேலைக்கு 1.4 லட்சம் ஆகுதாம், இந்த சீசன் காபி காசுல பண்றார். "டயர் மட்டும் ஒரு சைஸ் பெருசா...?"ன்னு நேத்து மறுபடியும் மெசேஜ். ஆர்சி புதுப்பிச்சு கைக்கு வரட்டும்னு சொல்லியிருக்கேன். வந்ததும் ஜீப்போட நம்ம சேனல்ல காட்டுறேன்.