குப்பையிலிருந்து மதிப்பு: யாருடைய உழைப்பு, யாருடைய சான்றிதழ்?

மேற்கு மாம்பலத்துக்கென ஒரு தொழிலைச் சொல்லவேண்டுமானால், அது உணவுத் தொழில்தான். ஆரிய கவுடா சாலை, லேக் வியூ சாலை, ஸ்டேஷன் சாலை ஆகியவற்றிலும் அவற்றின் கிளைத் தெருக்களிலும் மெஸ்கள், சமையல் ஒப்பந்தக்காரர்கள், திருமண மண்டபங்கள், இட்லி மாவும் அப்பளமும் பட்சணமும் விற்கும் சிறு கடைகள் நிறைந்துள்ளன. ரயில் பாதைக்குக் கிழக்கே தியாகராய நகரின் துணிக்கடைகள். வாழை இலை, காய்கறிக் கழிவு, நெகிழி உறை, அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில் என இவ்வணிகங்கள் நாள்தோறும் கழிவை உண்டாக்குகின்றன. மாநகராட்சியின் கோடம்பாக்கம் மண்டலத்தைச் சேர்ந்த இப்பகுதியின் தரம் பிரிக்கப்படாத குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி. அது 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் விளிம்பில் உள்ளது.

எடுத்தல், செய்தல், பயன்படுத்தல், எறிதல் என்று ஒரே திசையில் ஓடும் இந்த ஏற்பாட்டுக்கு மாற்றாக முன்வைக்கப்படுவதுதான் சுழற்சிப் பொருளாதாரம். 2010-இல் தொடங்கப்பட்ட எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. அது வகுத்த கொள்கைகள் மூன்று: கழிவும் மாசும் உருவாகாதபடி வடிவமைப்பிலேயே தடுப்பது, பொருள்களை அவற்றின் உயர்ந்த மதிப்பு குறையாமல் மீண்டும் மீண்டும் புழக்கத்தில் வைப்பது, இயற்கையைப் புதுப்பிப்பது. மூன்றும் தேவையானவையே. ஆனால் பயன்படுத்தி எறியப்பட்ட பொருளை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவருபவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி இம்மூன்றிலும் இல்லை. இந்தியாவில் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது.

பழைய சுழற்சி

"நம் முன்னோர் எதையும் வீணாக்கவில்லை, சுழற்சிப் பொருளாதாரம் நம் பண்பாட்டிலேயே உள்ளது" என்று கருத்தரங்குகளில் சொல்லக் கேட்கிறோம். பழைய துணிக்குப் பாத்திரம், பழைய செய்தித்தாளுக்குக் காசு, மட்கிப்போகும் வாழை இலை ஆகியவை எடுத்துக்காட்டுகளாகின்றன. இந்தப் பெருமிதத்தில் ஒரு பாதி மறைக்கப்படுகிறது. பந்தியில் இலை போட்டவர் பெயர் நினைவில் நிற்கிறது. எச்சில் இலையை எடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

இந்தியக் கிராமத்தின் மிக நிறைவான சுழற்சி, செத்த மாட்டைச் சுற்றியே நடந்தது. மாடு இறந்தால் அதை அப்புறப்படுத்த வேண்டும். தோலை உரித்துப் பதப்படுத்த வேண்டும். அது செருப்பாக, நீர் இறைக்கும் தோற்பையாக, பறையாக மீண்டும் ஊருக்குள் வரவேண்டும். இன்றைய பாடநூல் எதுவும் இதைச் சிறந்த மறுசுழற்சி என்றே பாராட்டும். ஆனால் அதைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது தீண்டாமை. பொருள் ஊருக்குள் வந்தது; அதைச் செய்தவர் சேரியிலேயே நிறுத்தப்பட்டார்.

எனவேதான் 1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நடந்த மாநாடு, செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. எனவேதான் 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் மாட்டுத் தோல் உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டபோது, சுரேந்திரநகரில் தலித்துகள் செத்த மாடுகளை ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுபோய்ப் போட்டார்கள். இந்தச் சுழற்சி எங்கள் முதுகில் ஓடுகிறது, நாங்கள் விலகினால் நின்றுவிடும் என்பதே அப்போராட்டம் சொன்ன செய்தி.

நகரத்தின் சுழற்சி

கிராமத்தின் இந்த ஏற்பாடு நகரத்தில் வேறு வடிவில் தொடர்கிறது. மண்டபத்துக்கு வெளியே குவியும் தண்ணீர் பாட்டில்களை ஒருவர் சாக்கில் சேர்க்கிறார். அவர் அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார். கடைக்காரர் வகை பிரித்து மொத்த வியாபாரிக்கு அனுப்புகிறார். அங்கிருந்து அது அரைக்கும் ஆலைக்கும், பிறகு புதுப்பொருள் செய்யும் தொழிற்சாலைக்கும் போகிறது. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. கீழ்ப்படியில் நிற்பவருக்கே மிகக் குறைவு. சாக்கு சுமப்பவருக்கு மாநகராட்சி ஊதியம் தருவதில்லை. ஆனால் அவர் எடுத்துச்செல்லும் ஒவ்வொரு கிலோவும் மாநகராட்சி லாரியில் ஏற்றிப் பெருங்குடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த கிலோ.

இத்தொழிலில் சாதியின் பங்கு வெறும் ஊகமன்று. நமஸ்தே திட்டத்தின்கீழ் சரிபார்க்கப்பட்ட 54,574 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் சுமார் 68 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024 டிசம்பரில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு மட்டுமே. குப்பை சேகரிப்போர் அத்திட்டத்தில் 2024-இல்தான் சேர்க்கப்பட்டனர்.

சட்டம் சொன்னது என்ன?

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை சேகரிப்போரைச் சட்டத்தின் மொழிக்குள் கொண்டுவந்தன. மாநிலக் கொள்கை அவர்களுடைய முதன்மைப் பங்கை ஏற்கவேண்டும் என்றன. அவர்களுடைய அமைப்புகளை அங்கீகரித்து, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பணியில் அவர்களை இணைப்பதையும், அவர்கள் தரம் பிரிக்கப் போதிய இடம் ஒதுக்குவதையும் உள்ளாட்சியின் கடமையாக்கின. கையுறை, முகக்கவசம், மழையங்கி, தகுந்த காலணி ஆகியவற்றைத் தொழிலாளர்களுக்குத் தருவது நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பு என்றும், அதை உறுதிசெய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் அவை வகுத்தன.

வணிகர்களுக்கும் கடமைகள் இருந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர் பெருங்கழிவு உண்டாக்குபவராகக் கருதப்பட்டார். உணவகங்கள் கழிவைப் பிரித்துத் தரவேண்டும். மட்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றவேண்டும். அணையாடை, மாதவிடாய்ப் பஞ்சு ஆகியவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள், முழுதும் மறுசுழற்சிக்குரிய பொருள்களால் அவற்றைச் செய்ய வழிதேட வேண்டும். இல்லையேல் ஒவ்வொன்றையும் சுற்றி எறிவதற்கான உறையைச் சேர்த்தே விற்கவேண்டும். இந்தக் கடைசி விதி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தூய்மைப் பணியாளர் மற்றவருடைய குருதியையும் மலத்தையும் கையால் தொடுவதா இல்லையா என்பதை அந்த உறைதான் தீர்மானிக்கிறது.

சான்றிதழ் யாருக்கு?

2022 பிப்ரவரியில் நெகிழிப் பொதிகளுக்கான 'உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பு' வழிகாட்டுதல்கள் வந்தன. நெகிழி உறையில் பொருள் விற்கும் நிறுவனம், தான் சந்தைக்கு அனுப்பிய நெகிழிக்கு ஈடான அளவைத் திரும்பச் சேகரித்து முறைப்படி கையாள வேண்டும். 2021-22-க்கு 25 விழுக்காடு, 2022-23-க்கு 70 விழுக்காடு, 2023-24-க்கு 100 விழுக்காடு என இலக்கு வைக்கப்பட்டது. பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை, தான் கையாண்ட எடைக்குச் சான்றிதழ் உருவாக்கும். நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் இலக்கை நிறைவுசெய்யலாம்.

கொள்கை சரியானது. 1996-இல் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அதன் நீட்சியே இது. ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். நிறுவனத்திடமிருந்து புறப்படும் பணம் ஆலையில் நின்றுவிடுகிறது. தெருவில் குனிந்து பொறுக்கியவருக்குப் பழைய எடை விலைதான். சான்றிதழின் மதிப்பில் பங்கு கேட்க அவருக்குச் சட்டப்படி வழியில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபிக்குக் கட்டாயமாக அளிக்கும் நீடித்த வணிகப் பொறுப்பறிக்கை, மறுசுழற்சி செய்யப்பட்ட கழிவின் டன் கணக்கைக் கேட்கிறது. அந்த டன்னைச் சேர்த்தவர் அக்கணக்கில் தெரிவதில்லை.

டன் கணக்கும் ஒப்பந்தமும்

சென்னையில் 2000-ஆம் ஆண்டில் சில மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி ஒனிக்ஸ் நிறுவனத்திடம் தரப்பட்டது. டன்னுக்கு இவ்வளவு என்பது கட்டண முறை. எவ்வளவு அதிகம் குப்பைமேட்டுக்குப் போகிறதோ அவ்வளவு வருமானம் என்றால், கழிவைக் குறைப்பதும் பிரிப்பதும் ஒப்பந்ததாரருக்கு நட்டம். சுழற்சிப் பொருளாதாரத்துக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. 2020-இல் கோடம்பாக்கம் உள்ளிட்ட மண்டலங்கள் உர்பேசர் சுமீத் நிறுவனத்திடம் சென்றன. இம்முறை செயல்திறன் அளவீடுகளின் அடிப்படையில் கட்டணம் என்பது முன்னேற்றமே. ஆயினும் தொழிலாளர் எவருடைய ஊழியர், அவருடைய வேலைக்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்விகள் அப்படியே இருந்தன.

அக்கேள்விகள்தான் 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகையின் முன் அமர்ந்தன. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், இரவும் பகலும் அங்கே இருந்தனர். மாதம் சுமார் 23,000 ரூபாய் பெற்றவர்கள் புதிய ஏற்பாட்டில் பல ஆயிரம் ரூபாய் இழப்போம் என்றனர். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அதன் பின் ஒப்படைப்பை ஏற்ற உயர் நீதிமன்றமும் அவர்களுடைய ஊதியம் காக்கப்பட வேண்டும் என்றே கூறியது. பசுமைச் சொற்களும் நவீன வண்டிகளும் வந்தபின், நெடுங்காலம் உழைத்தவர்களின் ஊதியம் ஏன் குறைய வேண்டும் என்பதற்கு எவரும் விடை சொல்லவில்லை.

வேறு வழி உண்டு

புனேயில் 1993-இல் குப்பை சேகரிப்போர் தொழிற்சங்கம் அமைத்தனர். அதன் வழிவந்த ஸ்வச் கூட்டுறவு, 2008-இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. பெரும்பாலும் தலித் பெண்களான அதன் உறுப்பினர்கள் வீடுவீடாகக் குப்பை பெறுகின்றனர். அதற்குச் சேவைக் கட்டணம் வாங்குகின்றனர். மறுசுழற்சிக்குரிய பொருளை விற்கும் உரிமையும் அவர்களுடையதே. கொலம்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2003-இலும் 2011-இலும் குப்பை சேகரிப்போரை நகரக் கழிவுப் பணியிலிருந்து விலக்கக்கூடாது என்று கூறியது. 2013 முதல் பொகோட்டா நகரம் அவர்கள் சேகரிக்கும் எடைக்குக் கட்டணம் தரத் தொடங்கியது.

நம் மாநிலத்திலும் ஒரு பாடம் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே முதல் நீலகிரியில் டாஸ்மாக் மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. பொருளுக்கு முன்கூட்டியே விலை வைத்தால் அது குப்பையாவதில்லை என்பதை இது காட்டியது. கூடுதல் ஊழியரும் இடமும் இன்றித் திட்டத்தைக் கடைமேல் சுமத்தினால், சுமை முழுதும் கடை ஊழியர்மீது விழும் என்பதையும் காட்டியது.

மேற்கு மாம்பலத்தில் தொடங்கலாம்

ஒரு திருமண மண்டபமோ மெஸ்ஸோ நீடித்த தொழிலுக்கு மாறுவது எப்படி? முதலில், கழிவு உருவாவதைத் தடுக்கவேண்டும்: பந்தியில் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர், நெகிழி பூசிய காகிதத்துக்குப் பதில் இலை. கழுவவும் எடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஊதியத்தை உணவின் விலையிலேயே சேர்க்கவேண்டும். இரண்டாவது, பிரித்துத் தருவது. சாம்பார் ஊறிய அட்டைக்குக் காயலான் கடையில் விலையில்லை. உலர்ந்த அட்டைக்கு உண்டு. வணிகருக்கு ஒரு நிமிட வேலை, சேகரிப்பவருக்கு ஒரு நாள் வருமானம். மூன்றாவது, அப்பகுதியில் ஏற்கெனவே சேகரிப்பவர்களோடு எழுத்துப்பூர்வ ஏற்பாடு செய்து, பொருளையும் கொடுத்துச் சேவைக் கட்டணமும் தருவது.

அரசிடம் கேட்கவேண்டியவை வேறு. வார்டுதோறும் குப்பை சேகரிப்போரைக் கணக்கெடுத்து அடையாள அட்டை தரவேண்டும். அவர்கள் திசைதிருப்பும் ஒவ்வொரு டன்னுக்கும், மாநகராட்சிக்கு மிச்சமாகும் போக்குவரத்துச் செலவின் அளவிலாவது கட்டணம் தரவேண்டும். நெகிழிச் சான்றிதழ் விலையில் ஒரு பங்கு சேகரித்தவருக்குச் செல்லும் என்று விதியிலேயே எழுதவேண்டும். ஒப்பந்தங்கள் எந்தக் கைக்கு மாறினாலும் தொழிலாளரின் ஊதியமும் பணிக்காலமும் தொடரவேண்டும். இவற்றோடு, அவர்களுடைய பிள்ளைகள் இத்தொழிலுக்கு வெளியே செல்லக் கல்வியும் வேலையும் வேண்டும். கண்ணியமான ஊதியத்தோடும் பாதுகாப்போடும் எவரும் விரும்பிச் செய்யும் வேலையாக இது மாறாதவரை, பிறப்பால் விதிக்கப்பட்ட வேலையாகவே இருக்கும்.

இவை கருணைக்கான வேண்டுகோள்கள் அல்ல. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வாங்கப்படும் உழைப்பு, அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் கூறியது. ஒரு நகரம் தன் கழிவைக் குறைத்துக்கொள்ளும் உழைப்பை ஊதியமின்றிப் பெறுவதை இவ்விரு தீர்ப்புகளின் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பொருள் சுழலும்போது அதன் மதிப்பில் உரிய பங்கு, அதைச் சுழலவைக்கும் கைகளுக்கும் வந்து சேரவேண்டும். அதுவரை எந்த நிறுவனமும் தன் அறிக்கையில் 'நீடித்த வளர்ச்சி' என்று எழுதிக்கொள்ளும் தகுதியைப் பெறவில்லை.