'யுவர் நேம்' திரைப்படத்தில் வரும் இடங்கள்

'யுவர் நேம்' (ஜப்பானியப் பெயர்: கிமி நோ நா வா) மகோதோ ஷின்காய் இயக்கிய அனிமேஷன் திரைப்படம். 2016 ஆகஸ்ட் 26 அன்று ஜப்பானில் வெளியாகி, அந்நாட்டில் மட்டும் 2,500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. மலையூரான இதோமொரியில் வாழும் மிட்சுஹா என்ற பெண்ணும் தோக்கியோவில் படிக்கும் தாக்கி என்ற பையனும் தூக்கத்தில் உடல் மாறிக்கொள்வதே கதை. பின்னணிக் காட்சிகள் பல, உண்மையான இடங்களைப் பார்த்து வரையப்பட்டவை. அதனால் படம் வெளியான சில வாரங்களிலேயே ரசிகர்கள் அந்த இடங்களைத் தேடிப் புறப்பட்டார்கள்.

இப்படிச் செல்வதை ஜப்பானியர் 'செய்ச்சி ஜுன்ரே' என்பர். புனிதத் தல யாத்திரை என்று பொருள். கோயில் யாத்திரைக்கு உரிய சொல்லை ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2016-இல் அந்த ஆண்டின் முதல் பத்து புதுவழக்குச் சொற்களில் ஒன்றாக இது தேர்வானது. அதே ஆண்டில் தொடங்கிய அனிமே சுற்றுலாச் சங்கம், ஷிகோகு தீவின் 88 பௌத்தக் கோயில் யாத்திரையை மனத்தில் வைத்து 88 அனிமே தலங்களைப் பட்டியலிட முடிவு செய்தது.

(கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.)

ஹிதா ஃபுருகாவா

படத்தில் சொந்தப் பெயரோடு வரும் ஊர் இது. மிட்சுஹாவைத் தேடிவரும் தாக்கி இறங்குவது கிஃபு மாகாணத்தின் ஹிதா ஃபுருகாவா நிலையத்தில். தோக்கியோவிலிருந்து நகோயா வரை ஷின்கான்சென், அங்கிருந்து 'ஹிதா' விரைவு ரயிலில் மலைப் பள்ளத்தாக்குகளின் வழியே தகாயாமா. ஃபுருகாவா அதற்கு இன்னும் கால்மணி நேரம் அப்பால். நிலையத்தை ஒட்டித் தண்டவாளங்களுக்கு மேலே செல்லும் நடைமேம்பாலத்தில் நின்றால் படத்தின் காட்சி அப்படியே கண்முன் விரியும். ரயில் மட்டும் மாறிவிட்டது. படத்தில் இருப்பது பழைய டீசல் ரயில். 2023 மார்ச்சில் 'ஹிதா' சேவையில் அதற்குப் பதில் புதிய ரயில்கள் முழுமையாக வந்துவிட்டன. பாலமும் மேடையும் மலையும் மாறாமல் இருக்க, ஏழே ஆண்டில் காட்சியின் நடுப்பகுதி பழைய காலமாகிவிட்டது.

தாக்கி பழைய செய்திகளைப் புரட்டும் நூலகம் ஹிதா நகர நூலகம். ரசிகர்கள் படமெடுக்க நூலகத்தார் இடம் கொடுத்தார்கள். முகப்பில் சொல்லி அனுமதி பெற வேண்டும், படித்துக்கொண்டிருப்பவர்கள் படத்தில் விழக்கூடாது. தடைப் பலகை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். மிட்சுஹாவின் தலைக்கயிறு போன்ற பின்னல் கயிற்றை நாமே பின்னிப் பார்க்கவும் ஊரில் வசதி உண்டு.

படத்துக்காக வந்தவர்கள் ஊரையும் பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவர்க் களஞ்சியங்களை ஒட்டி ஓடும் செதோ கால்வாயில் கெண்டை மீன்கள் நீந்துகின்றன. குளிர்காலத்தில் அவற்றைக் குளத்துக்கு மாற்றி, வசந்தத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஏப்ரல் 19, 20 தேதிகளில் நடக்கும் ஃபுருகாவா திருவிழா, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற தேர் விழாக்களில் ஒன்று.

சுகா ஆலயப் படிக்கட்டு

இருவரும் கடைசியில் சந்திக்கும் படிக்கட்டு தோக்கியோவின் யோத்சுயா பகுதியில், சுகா ஆலயத்தை ஒட்டி இருக்கிறது. சிவப்புக் கைப்பிடி உள்ள சாதாரணப் படிக்கட்டுதான். இரு பக்கமும் வீடுகள். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது அன்றாடம் போகவர உள்ள வழி. நடுப்படியில் நெடுநேரம் நிற்பதும், வீட்டு வாசலில் முக்காலி விரிப்பதும், இரவில் உரக்கப் பேசுவதும் அவர்களுக்குத் தொல்லை. ஓரமாக நின்று, வழிவிட்டு, ஒன்றிரண்டு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம்.

இல்லாத ஊர்

எல்லோரும் தேடிப்போகும் இதோமொரி எந்த வரைபடத்திலும் இல்லை. அது கற்பனை ஊர். ஆகவே ரசிகர்கள் அதன் சாயலைத் துண்டு துண்டாகத் தேடுகிறார்கள். வட்ட ஏரிக்காக நகானோ மாகாணத்தின் சுவா ஏரிக்குப் போகிறார்கள். ஷின்காய் பிறந்ததும் அதே மாகாணத்தில்தான். தாதேஇஷி பூங்காவின் உயரத்திலிருந்து, வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால் ஒற்றுமை வியக்க வைக்கும். ஆனால் படத்து ஏரி வால்விண்மீன் துண்டு விழுந்து உண்டான பள்ளம். சுவா ஏரி நிலப்பிளவால் உண்டானது. ஒரே நாளில் ஃபுருகாவாவையும் சுவாவையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம், இடையில் உயர்ந்த ஹிதா மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. மலையுச்சிப் பள்ளத்தின் சாயலைச் சிலர் தோக்கியோவுக்குத் தெற்கே நடுக்கடலில் உள்ள ஆவோகாஷிமா எரிமலைத் தீவில் காண்கிறார்கள்.

படத்தில் இதோமொரி ஒரே இரவில் அழிகிறது. தாக்கி அதைத் தேடிவரும்போது அது அழிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இந்தக் கதைக்குத் தூண்டுதல் என்று ஷின்காய் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு ஜூலையில் அவர் மியாகி மாகாணம் நதோரி நகரின் யுரியாகே என்ற கடலோரப் பகுதிக்குப் போனார். அலை அங்கே எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. இது தம் ஊராக இருந்திருந்தால் என்ற எண்ணம் அவருக்கு அங்கே எழுந்தது.

யுரியாகே படத்தின் எந்தக் காட்சியிலும் இல்லை. அங்கே ஹியோரியாமா என்ற சிறு மேடு இருக்கிறது. அலை அதன் உச்சியையும் மூழ்கடித்துச் சென்றது. இன்று மேலே ஏறி நின்றால், ஒருகாலத்தில் தெருத்தெருவாக வீடுகள் இருந்த நிலம் கண்ணுக்குத் தெரியும்.