காரைக் காக்கும் கலை



ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். இன்று நம் லயத்து வீட்டு வாசல்களிலும் கார் நிற்கிறது. பல ஆண்டுச் சேமிப்பும் மாதத் தவணையும் சேர்ந்து வாங்கிய கார் அது. நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுதான். ஆகவே, காரைத் துப்புரவாக வைத்திருப்பது அழகுக்காக மட்டுமன்று.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு, காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பது. செம்மண் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. அது காரின் சாயத்தைவிடக் கடினமானது. சாயப் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனமே இருக்கும். அதன்மேல் தூசியோடு துணியைத் தேய்ப்பது, உப்புத்தாளைக் கொண்டு தேய்ப்பது போலாகும்.

எனவே, காரை நிழலில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓடவிட வேண்டும். பின்னர் இரண்டு வாளி எடுத்துக்கொள்வோம். ஒன்றில் கார் கழுவும் சோப்பு நீர். மற்றதில் துணியை அலச நல்ல நீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல், நனைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு வருவோம். இரும்பும் நீரும் பிராணவாயுவும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். சக்கரங்களுக்கு மேலே ஒட்டிய சேறு, ஈரச் சாக்கைப் போலப் பல நாள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் வந்தாலோ, உப்பும் சேர்ந்து துருவை விரைவுபடுத்தும். ஆகவே, சேற்றுப் பாதையில் போய் வந்தவுடன் அடிப்பாகத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். கதவுகளின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். சாயம் கொப்பளிக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். ஓர் ஈர்க்குச்சியால் மெதுவாகக் குத்தி அடைப்பை நீக்கிவிடலாம்.

கழுவிய கார் நன்கு உலர்ந்தபின் மெழுகை மெல்லியதாகப் பூசலாம். மெழுகுள்ள இடத்தில் மழைநீர் முத்து முத்தாக நிற்கும். பரவிப் படிந்தால் மறுபடியும் பூசும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

உட்புறத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது. விரிப்பின் கீழ் மின்கம்பிகள் ஓடுகின்றன. கால்மிதிகளை வெளியே எடுத்துக் கழுவி, முற்றாக உலர்த்திய பிறகே போடவேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் படியும். இரவில் எதிர்வரும் விளக்கொளி அதில் சிதறிக் கண்ணை மறைக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுமுறை துடைப்போம். மழைத்துடைப்பானின் ரப்பரையும் துடைத்து, வெடித்திருந்தால் மாற்றிவிடுவோம்.

ஒன்று நினைவிருக்கட்டும். கழுவியவுடன் பிரேக்கில் ஈரம் இருக்கும். மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்த பிறகே சாலைக்குச் செல்லவேண்டும்.

நேயர்களே, அடுத்த முறை வாளியைத் தூக்கும்போது, பளபளக்கும் கூரையைப் பார்ப்பதற்கு முன் சற்றுக் குனிந்து அடியில் பார்ப்போம். காரின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.