தேள் விஷம் காட்டிக்கொடுத்த கதவு!

தேள் கொட்டினால் உயிர் போகிற வலி! காயமோ ஊசி முனை அளவுதான். இத்தனை கடுப்பு எப்படி வருகிறது?

நரம்பில் செய்தி மின்சாரமாக ஓடுகிறது. நாம் சாப்பிடும் உப்பில் சோடியம் இருக்கிறதே, அதுதான் இதற்குக் காரணம். நரம்பின் மெல்லிய தோலில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் ஏராளம். மின்சாரம் பட்டதும் கதவு திறக்கும். சோடியம் உள்ளே பாயும். ஒரு வினாடியை ஆயிரம் பங்கு போட்டால், ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் கதவு தானே மூடிக்கொள்ளும்.

பல தேள்களின் விஷம் அதை மூட விடுவதில்லை! நரம்பு ஓயாமல் அலறுகிறது. குழந்தைகளுக்கு இதயமே தடுமாறும். மந்திரித்துக்கொண்டு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

திருடனே வழிகாட்டி

சோடியம் பாய்வதை 1952-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். கணவாயின் பருத்த நரம்பில் சோதித்தார்கள். நோபல் பரிசும் பெற்றார்கள். ஆனால், கதவை யாரும் பிடித்துக் காட்டவில்லை.

அமெரிக்காவில், சியாட்டில் நகரில், வில்லியம் கேட்டரல் என்ற விஞ்ஞானி ஒரு யுக்தி செய்தார். திருடனை விட்டே வீட்டைக் காட்டச் சொல்கிற யுக்தி! பாலைவன மஞ்சள் தேளின் விஷத்தில் கதிர்வீச்சுள்ள அயோடினை ஏற்றினார். எலி மூளையின் நரம்புத் துணுக்குகளில் அதை விட்டார். விஷம் நேரே கதவைப் போய்ப் பிடித்தது. ஒளியைப் பாய்ச்சியதும் இரண்டும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டன. அயோடின் எங்கே என்று தேடினார். கதவு அகப்பட்டது! அது ஒரு பெரிய புரதம். இது நடந்தது 1980-ல்.

கதவுக்கு நான்கு பாகங்கள் என்று 1984-ல் ஜப்பானில் கண்டார்கள். எந்தப் பாகத்துக்கு என்ன வேலை? அதையும் விஷமே சொல்லிற்று. மூட விடாத விஷம் நாலாவது பாகத்தை இறுகப் பிடித்திருந்தது. ஆகவே, மூடும் வேலையைத் தொடங்குவது அந்தப் பாகம்தான். இன்னொரு வகைத் தேள் விஷம் இரண்டாவது பாகத்தைப் பிடிக்கும். அப்போது கதவு வேளைக்கு முன்பே திறந்துவிடும்.

கொட்டு வாங்கும் எலி

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஓர் எலி உண்டு. தேள் என்றால் அதற்கு விருந்து! தேள் கொட்டினால், கொட்டிய இடத்தைச் சிறிது நேரம் நக்கும். பிறகு தின்ன ஆரம்பித்துவிடும். அதன் வலி நரம்பில் ஒரு வகைச் சோடியக் கதவு சற்றே மாறியிருக்கிறது. விஷம் பட்டதும் அது அடைத்துக்கொள்கிறது. 2013-ல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த வகைக் கதவு நம் உடம்பிலும் உண்டு. அதை அடைக்கும் வலி மாத்திரை ஒன்றுக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அந்த மாத்திரையில் தேள் விஷம் கிடையாது!