செயற்கை இதயம் பொருத்தப்படும் விதம்

மனித இதயம் ஏறக்குறைய மூடிய கையளவினது. நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 தடவை துடிப்பது. அன்பின் இருப்பிடமாக அதனை நாம் போற்றுகின்றோம். சத்திரசிகிச்சை நிபுணருக்கோ அது ஒரு பம்பி. மேலே இரு சோணையறைகள், கீழே இரு இதயவறைகள். இலங்கையில் தமிழில் விஞ்ஞானம் பயின்ற பெற்றோர் இச்சொற்களை நன்கறிவர். மாணவர் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

இதயவறைகள் நோயினால் தளர்ந்தால் அவற்றின் பணியை இயந்திரம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். எனினும், அவ்வியந்திரத்தை உயிருள்ள உடலோடு இணைப்பது மிகவும் அரிய செயலாகும்.

முழுச் செயற்கை இதயம் பொருத்துகையில் மார்பென்பு நெடுக்காகப் பிளக்கப்படும். அவ்வேளை வேறோர் இயந்திரம் இதயத்தினதும் நுரையீரலினதும் தொழிலைத் தற்காலிகமாக ஏற்கும். நிபுணர் இதயவறைகளை வெட்டியகற்றிச் சோணையறைகளை விட்டுவைப்பார். அவற்றின் விளிம்புகளில் வளையங்களையும், பெருநாடியிலும் நுரையீரல் நாடியிலும் துணிக்குழாய்களையும் தைத்து, செயற்கை அறைகளை அவற்றிற் பூட்டுவார். உள்ளே காற்றுக்குமிழி எஞ்சலாகாது. அது மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரலாம்.

1982 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிவிரீஸ் என்னும் நிபுணர், பார்னி கிளார்க் என்ற பல்வைத்தியருக்கு ஜார்விக்-7 இதயத்தைப் பொருத்தினார். பெரியதொரு காற்றமுக்க இயந்திரத்தோடு குழாய்களால் இணைக்கப்பட்ட நிலையில் அவர் 112 நாட்கள் உயிர்வாழ்ந்தார்.

இயற்கை இதயத்தை அகற்றாது அதற்குத் துணைப்பம்பி வைப்பது மற்றொரு முறை. 2000 ஜூன் மாதம் ஒக்ஸ்போர்ட் ஜோன் ராட்கிளிஃப் வைத்தியசாலையில் ஸ்டீபன் வெஸ்ட்பி, பீட்டர் ஹவுட்டன் என்பவரின் இடது இதயவறைக்குள் பெருவிரலளவான ஜார்விக் 2000 பம்பியைப் பொருத்தினார். சுழலும் சிறு விசிறி குருதியை இடைவிடாது பெருநாடிக்குச் செலுத்தியது. வயிற்றுத்தோலைத் துளைத்துவரும் மின்கம்பி அசைவதால் அங்கே கிருமி தொற்றுவதுண்டு. எனவே கம்பி கழுத்துவழியே கொண்டுசெல்லப்பட்டு, காதின் பின்னே மண்டையோட்டில் திருகப்பட்ட உலோகச் செருகியில் இணைக்கப்பட்டது. அங்கே தோல் அசைவது குறைவு, குருதியோட்டமோ அதிகம். உடலுக்கு வெளியே சுமந்த பற்றரியின் துணையுடன் அவர் 2007 நவம்பர் வரை, ஏழாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தார்.

ஆர்ச்வேயில் நாம் அறிந்த விற்றிங்டன் வைத்தியசாலையில் இத்தகைய சிகிச்சை இல்லை. ஹெயர்ஃபீல்ட் போன்ற சில சிறப்பு நிலையங்களிலேயே உண்டு. இந்நாட்டில் இக்கருவிகள் பெரும்பாலும் மாற்று இதயம் கிடைக்கும்வரை உயிரைக் காக்கும் பாலமாகவே பயன்படுகின்றன. பாலத்தின் மறுகரையில் இருப்பது, இறந்த ஒருவரின் குடும்பம் மனமுவந்து தரும் இதயம்.

இங்கிலாந்தில் 2020 மே மாதம் முதல், மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தோர் பொதுவாக உறுப்புத் தர இசைந்தவராகக் கொள்ளப்படுகின்றனர். ஆயினும் வைத்தியர் குடும்பத்தாரிடம் கேட்பர். இறந்தவரின் விருப்பத்தை அறியாதோர் அத்துயர வேளையில் என்ன விடை கூறுவர்? போரிலே பல சாவுகளைக் கண்டு வந்த நாம், அதைப் பற்றி வீட்டிற் பேசத் தயங்குகின்றோம். அத்தயக்கத்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளை காத்திருக்க நேரலாம்.

மாணவச் செல்வங்களே, வைத்தியரின் ஆங்கிலத்தைப் பெற்றோர்க்குத் தமிழில் எடுத்துரைப்பவர் உங்களிற் பலர். இக்கட்டுரையையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பின்னர் அவர்கள் விருப்பம் யாதெனத் தமிழிலேயே கேட்டறியுங்கள்.