ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(இணைய வியாபாரமும் வரிக் கணக்கும்)

மைசூரில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் பல இன்று வீட்டிலிருந்தபடியே வியாபாரம் செய்கின்றன. ஈரோட்டு நைட்டி, திருப்பூர் பனியன், காஞ்சிபுரத்துக் கொலு பொம்மை என்று நம் பக்கத்துச் சரக்கை வரவழைத்து, அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களின் வழியாக விற்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் செய்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால், "வீட்டோடு செய்கிற சின்ன வியாபாரம். இதற்கெல்லாம் யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?" என்ற எண்ணமும் கூடவே இருக்கிறது. யாரும் வந்து கேட்க வேண்டிய அவசியமில்லை. கணக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது எப்படிப் போகிறது, நாம் என்ன செய்துகொள்ள வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். நான் ஆடிட்டர் அல்லன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற டிப்ளமோ இன்ஜினியர்.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட்ட நேரத்தை அந்த நிலையத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அடுத்த நிலையத்தில் வந்து சேர்ந்த நேரத்தை அங்குள்ள பதிவேட்டில் எழுதுவார்கள். ஒரே வண்டிக்கு இரண்டு பதிவேடுகள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இணைய வியாபாரத்திலும் இப்போது இதே ஏற்பாடுதான். ஒரு பதிவேடு விற்பனைத் தளத்திடம் இருக்கிறது. இன்னொன்று நம்மிடம் இருக்க வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டாவது பதிவேடு இல்லை என்பதுதான் என் கவலை.

முதலில் வருமான வரியைப் பார்ப்போம். 2020 அக்டோபர் 1 முதல், 194-ஓ என்ற பிரிவின்படி, விற்பனைத் தளங்கள் தங்கள் வழியாக விற்பவரின் மொத்த விற்பனைத் தொகையில் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்து, அவருடைய பான் எண்ணில் அரசுக்குக் கட்டின. 2024 அக்டோபர் 1 முதல் இது 0.1 விழுக்காடாகக் குறைந்தது. தனிநபரின் விற்பனை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயைத் தாண்டாமல் இருந்து, பான் அல்லது ஆதார் எண்ணும் கொடுத்திருந்தால் பிடித்தம் இல்லை. எண்ணைக் கொடுக்காவிட்டால் 5 விழுக்காடு பிடிப்பார்கள். 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தின்படி 2026 ஏப்ரல் 1 முதல் பிரிவு எண்கள் வேறு, முறை இதுதான்.

தளம் கொடுக்கும் இந்த விவரம் வருமான வரித் துறையின் இணையதளத்தில், நம் பெயரிலேயே, வருடாந்திரத் தகவல் அறிக்கை என்ற பக்கத்தில் ஏறிவிடுகிறது. ஏ.ஐ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2021 நவம்பரில் வந்த ஏற்பாடு இது. வங்கி வட்டி, பங்கு விற்பனை போன்றவற்றோடு இணைய விற்பனையும் அதில் இருக்கும். பான் எண் உள்ள எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தளம் தெரிவிப்பது மொத்த விற்பனையை. நம் வருமானத்தை அல்ல. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஓர் அம்மையார் ஓர் ஆண்டில் கர்நாடகத்துக்குள் 6,00,000 ரூபாய்க்கு நைட்டி விற்றதாக வைத்துக்கொள்வோம். அதில் 40,000 ரூபாய்ச் சரக்கு திரும்பி வந்துவிட்டது. தளத்தின் கமிஷனும் கூரியர் செலவும் 1,20,000. பிடித்த வரி 600. ஆக, வங்கிக்கு வந்து சேர்ந்தது 4,39,400. விற்ற சரக்கின் கொள்முதல் விலை 3,60,000. உறை, அட்டைப்பெட்டி முதலிய செலவு 20,000. பிடித்த 600 வரிக் கணக்கில் அவருக்கே வரவாகும் என்பதால், உண்மையான லாபம் 60,000 ரூபாய்.

ஒரே வியாபாரத்துக்கு மூன்று தொகைகள். துறையின் கண்ணில் படுவது 6,00,000. வங்கிப் புத்தகம் சொல்வது 4,39,400. வருமானம் 60,000. முதல் தொகையிலிருந்து மூன்றாம் தொகைக்கு எப்படி வந்தோம் என்று காட்டக்கூடிய காகிதம் நம் கையில் மட்டும்தான் இருக்க முடியும். கொள்முதல் பில், திரும்பி வந்த சரக்கின் விவரம், தளம் மாதாமாதம் தரும் கணக்கு ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால் போதும்.

முழுக் கணக்குப் புத்தகம் எழுத முடியாத சிறு வியாபாரிக்கு அனுமான வருமான முறை என்று ஒரு வழி உண்டு. வங்கி வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 விழுக்காட்டை லாபமாகக் காட்டலாம். அதைவிட அதிகம் கிடைத்திருந்தால் அந்த அதிகத் தொகையையே காட்ட வேண்டும். அம்மையாருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரி ஏதும் வராது. ஆனால் பிடித்த 600 ரூபாய் திரும்பி வர வேண்டுமானால் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். "வரிதான் இல்லையே" என்று விட்டுவிட்டால் அந்தப் பணம் வராது.

அடுத்தது ஜி.எஸ்.டி. சரக்கு விற்பவருக்குக் கர்நாடகத்தில் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை செய்பவருக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். தளத்தின் வழியே விற்பவர் முன்பெல்லாம் சிறியவரானாலும் பதிந்தாக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருந்துகொண்டு தம் மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்பவர் ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். பொதுவாக, சென்னைக்கும் கோவைக்கும் தளத்தின் மூலம் அனுப்புவதானால் இந்தச் சலுகை கிடையாது. உறவுக்காரர்கள் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இது முக்கியம். பதிவு பெற்றவரிடம் தளங்கள் ஜி.எஸ்.டி. கணக்கிலும் ஒரு தொகை பிடிக்கின்றன. 2018 அக்டோபரில் 1 விழுக்காடாகத் தொடங்கி, 2024 ஜூலை 10 முதல் 0.5 விழுக்காடாகக் குறைந்தது.

தளமே வேண்டாம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி யு.பி.ஐ.யில் பணம் வாங்கிக்கொள்கிறோம் என்பவர்களுக்கு 2025 ஜூலையில் இதே கர்நாடகத்தில் நடந்தது ஒரு பாடம். மாநில வணிக வரித் துறை, யு.பி.ஐ. சேவை நிறுவனங்களிடமிருந்து 2021-22 முதல் 2024-25 வரையிலான வரவு விவரங்களைப் பெற்று, வரம்பைத் தாண்டியதாகத் தோன்றிய ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரி விலக்குள்ள பால், காய்கறி விற்றவர்களுக்கும் வந்தது. பல கடைகளில் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். கடையடைப்பு அறிவிப்பும் வந்தது. ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளுடன் பேசி, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அறிவித்த பிறகே கொந்தளிப்பு அடங்கியது.

யு.பி.ஐ. விவரம் சொல்வது வந்த பணத்தை மட்டுமே. அது சரக்கு விற்ற பணமா, மகன் அனுப்பியதா, சீட்டுப் பணமா, கைமாற்றுத் திரும்பியதா என்று அதற்குத் தெரியாது. எனவே வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி க்யூ.ஆர். அட்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. மருமகள் வியாபாரம் செய்வார். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் மாமனாருடையதாக இருக்கும். "அப்பாவிடம்தான் எல்லாப் பத்திரமும் இருக்கிறது" என்பார்கள். எனக்குத் தெரிந்த பென்ஷன்காரர் ஒருவரின் ஏ.ஐ.எஸ். பக்கத்தில் இப்படித்தான் லட்சக்கணக்கில் சுடிதார் விற்பனை ஏறியிருந்தது. அவர் தம் பென்ஷனை மட்டுமே காட்டி வந்தவர். யார் உழைக்கிறார்களோ அவர்கள் பெயரிலேயே பான், கணக்கு, தளப் பதிவு எல்லாம் இருக்கட்டும். பிற்காலத்தில் அந்தப் பெண் வங்கியில் கடன் கேட்டுப் போனாலும், அவர் பெயரில் தாக்கலான ரிட்டர்ன்தான் அவருக்குத் துணை நிற்கும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. அமெரிக்காவில் 1099-கே என்ற படிவத்தில் பணப் பட்டுவாடா நிறுவனங்கள் இதே வேலையைச் செய்கின்றன. அங்கே 2021இல் வரம்பை 600 டாலராகக் குறைத்துச் சட்டம் செய்தார்கள். எதிர்ப்பால் நடைமுறையைத் தள்ளிப்போட்டு, 2025இல் பழையபடி 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் தாண்டினால் என்று மாற்றிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதலும், பிரிட்டனில் 2024 முதலும் தளங்கள் விற்பவர்களின் விவரத்தைத் திரட்டித் தெரிவிக்கின்றன.

அன்பர்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஏ.ஐ.எஸ். பக்கத்தைத் திறந்து, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கும் வசதி உண்டு. கொள்முதல் பில் இல்லாமல் சரக்கு வாங்காதீர்கள். நோட்டீஸ் வந்தால், கன்னடமோ ஆங்கிலமோ படிக்க வரவில்லை என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பதில் சொல்லக் கெடு குறித்திருப்பார்கள். அதற்குள் ஓர் ஆடிட்டரிடம் காட்டுங்கள். அவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாமல், மேலே சொன்ன கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.