மூன்றுதரம் சொன்ன பிறகு பணம் எங்கே போகிறது?

விடிந்து சற்று நேரத்தில் இறக்கக்கண்டிக் கரையில் படகுகள் ஏறிவிடும். மணலில் மீன் கூறு கூறாகக் கிடக்கும். ஏலம் கூறுபவர் ஒரு கூறைக் காட்டி விலையைத் தொடங்க, இரண்டு பேர் ஏற்றிவிட, மூன்றாவது ஆள் முகத்தைச் சுளிக்க, "ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்" என்று அலுவல் முடிந்துவிடும். மீன் கண்முன்னே கிடக்கிறது. எடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு என்பது சுற்றி நிற்கிற இருபது பேருக்கும் தெரியும். ஏமாற்ற நினைப்பவர் நாளைக்கும் அதே முகத்தோடு அதே கரைக்குத்தான் வரவேண்டும்.

அந்த ஏலத்தைத் தூக்கி ஒரு கடற்கரை ஹோட்டலின் மண்டபத்துக்குள் வையுங்கள். மாலை ஏழு மணி, ஒலிவாங்கி, மேசைக்கு மேசை சாப்பாடு, திரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஒரு பிள்ளையின் படம். கிரிக்கெட் மட்டை ஒன்று இலட்சத்தைத் தாண்டுகிறது, மண்டபமே கைதட்டுகிறது. மட்டை உண்மையானதா, அந்த இலட்சம் எந்தக் கணக்கில் விழும், ஆஸ்பத்திரிக்கு எப்போது போய்ச் சேரும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது. நல்ல காரியத்தில் கணக்குக் கேட்பவனைக் கெட்டவனாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அந்தப் பழக்கத்தோடுதான் வழக்கு.

நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டை வீதியில் இருக்கும் எங்கள் இறக்கக்கண்டிப் பக்கத்துக்கு நிலாவெளியிலும் குச்சவெளியிலும் சிறிய வைத்தியசாலைகள் உண்டு. பெரிய வருத்தமென்றால் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு "ஏதாவது செய்வோம்" என்று எழும்புவது இயல்புதான். ஹோட்டல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, ஏல மாலை ஒன்று வைக்கலாமே என்ற யோசனையும் சுலபமாக வரும். வரட்டும். இந்த நாட்டில் பொதுமக்கள் காசால் வைத்தியசாலைகள் உயர்ந்திருக்கின்றன. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தார்கள். 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்குச் சேர்த்தார்கள். அதே காலத்தில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபாய் இலக்கு வைத்த திரட்டலை, சில்லறை போட்டவர் முதல் பெரிய கம்பனி வரை சேர்ந்து சில மாதத்தில் முடித்துக் கொடுத்தார்கள். பணம் வந்த வேகத்தில் இயந்திரம் வரவில்லை. கொள்வனவு நடைமுறையும் கேள்விப்பத்திர இழுபறியும் குறுக்கே நின்றன. இதில் சேர்த்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசு சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

ஆகவே ஹோட்டலைப் பிடிக்கும் முன்னர் வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன தேவை என்பதை வைத்தியப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். மாகாண சபையின் கீழுள்ள வைத்தியசாலையென்றால் திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் சம்மதமும் வேண்டும். வாய்ப் பேச்சில் "ஒரு டயலிசிஸ் மெஷின் இருந்தால் நல்லது" என்று யாராவது சொன்னதைப் பிடித்துக்கொண்டு நோட்டீஸ் அடித்தால் பிறகு முழிக்க வேண்டிவரும். அந்த மெஷினுக்குச் சுத்திகரித்த நீர் வேண்டும். உவர் ஏறுகிற கடலோரக் கிணற்று நீரை அப்படியே கொடுக்க முடியாது, தனியாக ஒரு சுத்திகரிப்புத் தொகுதி போடவேண்டும். பயிற்சி பெற்ற தாதியர் வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் புதிய குழாய்களும் வடிகட்டியும் வேண்டும். வருடா வருடம் அந்தச் செலவை யார் பார்ப்பது? அம்புலன்சும் அப்படித்தான். 1990 சுவசெரிய இலவசமாக ஓடுகிற நாட்டில் இன்னொரு வாகனம் கொடுக்கும்போது சாரதிக்கும் எரிபொருளுக்கும் வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மருத்துவ சாதனங்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. வெளிநாட்டில் மலிவாகக் கிடைத்தது என்று கப்பலில் ஏற்றிவிட்டால் சுங்கத்தில் கிடந்து துருப்பிடிக்கும்.

கேளாமல் கொடுத்ததன் விலையைச் சுனாமிக்குப் பிறகு உலகம் பார்த்தது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுமார் 20 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதியின் லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. அழிப்பதற்கே தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. சுனாமி அடித்த கரையில் இருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி ஏலம். நம் சட்டத்தில் இதற்கு விதி இருக்கிறது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஏலம் கூறுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிந்தது என்று அறிவிக்கும் வரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். அறிவித்துவிட்டால் அது ஒப்பந்தம். குறைந்தபட்ச விலை ஒன்றை ஒளித்து வைத்திருந்தால், அப்படி ஒன்று இருக்கிறது என்பதையாவது முன்னரே சொல்லவேண்டும். பொருளைக் கொடுத்தவர், தானும் கேட்பேன் என்று முன்கூட்டி அறிவிக்காமல், தானோ தன் ஆளை வைத்தோ விலையை ஏற்றினால் அதை மோசடி விற்பனையாகக் கொள்ள வாங்கியவருக்கு உரிமை உண்டு. மூலை மேசையில் மச்சானை இருத்தி "ஐம்பதாயிரம்" என்று கத்த வைப்பதை நம்மவர்கள் பகிடி என்று நினைக்கிறார்கள். சட்டத்துக்கு அது பகிடியில்லை, காசு ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்பதும் சாட்டாகாது. ஏலங்கூறுவதைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டுமென்ற சட்டம் 1889ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆளை அமர்த்தும்போது அந்த உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள்.

விலை கூடிப்போனது என்று யாரும் முறைப்பாடு செய்வதில்லை, செய்யவும் முடியாது. 2024இல் விழுப்புரம் மாவட்டத்து முருகன் கோயில் ஒன்றில் ஒன்பது எலுமிச்சம்பழம் 2.36 இலட்சம் இந்திய ரூபாய்க்குப் போனது. எடுத்தவர்களுக்குப் பழத்தின் சந்தை விலை தெரியாதா? தெரிந்தே கொடுத்தார்கள். நல்லெண்ண ஏலத்தில் கேட்பவருக்கு மலிவு விலை முக்கியமில்லை. சொன்ன பொருள் சொன்னபடி இருக்கவேண்டும், சொன்ன இடத்துக்குக் காசு போகவேண்டும், அவ்வளவுதான்.

இதில் நானே ஒருமுறை மாட்டினேன். பட்டணத்தில் நடந்த ஒரு மாலையில், "கடற்கரை விடுதியில் இருவருக்கு இரண்டு இரவு" என்ற கடித உறையை வீறாப்பாகக் கேட்டு எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால், அடியில் எறும்பு ஊர்ந்தமாதிரி ஒரு வரி: மே முதல் செப்டெம்பர் வரை செல்லாது. இந்தப் பக்கத்துக் கடல் குளிக்கத் தோதாக இருக்கும் சீசனே அதுதான். மிச்சம் இருப்பதில் பாதி வாடைக்காற்றும் மாரி மழையும். மனைவி அந்த உறையை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறா, நான் எதற்காவது வீறாப்புப் பேசினால் எடுத்துக் காட்ட. தவறு விடுதியுடையது மட்டுமில்லை. ஏலத்துக்கு முன்னர் நிபந்தனைகளை வாசித்துக் காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை, நடத்தியவர்களும் வாசிக்கவில்லை. இப்படியான சீட்டுக் கொடுத்த வியாபார நிறுவனம் பிறகு கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கையொப்பமிட்ட மட்டை, சட்டை, பந்து என்று வந்தால் எந்த ஆட்டத்தில் பாவித்தது, யாரிடமிருந்து வந்தது என்ற கடிதத்தைக் கேளுங்கள். வெறும் கையொப்பம் போலியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பொருள் அசலாக இருந்தாலும் கேட்பவர் போலியாக இருக்கலாம். 2013இல் நமது காலி மைதானத்தில் பங்களாதேசின் முதல் டெஸ்ட் இரட்டைச் சதத்தை முஷ்பிகுர் ரஹீம் அடித்த மட்டையை, 2020 மே மாதம் கொரோனா நிவாரணத்துக்காக இணையத்தில் ஏலம் விட்டார்கள். பொய்க் கேள்விகள் வந்து விலையைக் கண்டபடி ஏற்றியதில் ஏலத்தையே இடையில் நிறுத்தவேண்டி வந்தது. கடைசியில் ஷஹீட் அப்ரிடியின் அறக்கட்டளை 20,000 டொலருக்கு எடுத்தது. உங்கள் மண்டபத்திலும் இது நடக்கும். கேட்கும் உற்சாகத்தில் மூன்று இலட்சம் சொன்னவர் காலையில் போனை எடுக்கமாட்டார். வாசலிலேயே அடையாள அட்டையைப் பார்த்து இலக்கத் தட்டுக் கொடுங்கள், காசு முழுவதும் வரும்வரை பொருளைக் கொடுக்காதீர்கள். விலை வராத பொருளைத் தடுத்து வைக்க விற்பவருக்கு அதே 1896 சட்டம் உரிமை தருகிறது.

சில பொருட்களை ஏலத்தில் வைக்கவே கூடாது. புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே பொறுக்கிய முருகைக்கல்லோ, பாட்டன் காலத்து ஆமையோட்டோ அன்பளிப்பாக வந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அதிர்ஷ்டச் சீட்டு விற்று ஒரு மோட்டார் சைக்கிளைப் பரிசு வைப்போம் என்பவர்களும் இருப்பார்கள். லொத்தர்களைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1844ஆம் ஆண்டுடையது, அனுமதியில்லாமல் சீட்டு அடித்தால் வழக்கு வரும். அதை விடுங்கள், இறக்கக்கண்டி போன்ற ஊரில் சூதாட்டச் சாயல் பட்ட காசைப் பள்ளிவாசல் பெரியவர்கள் ஏற்பார்களா? நுழைவுச் சீட்டு விற்றால் குச்சவெளிப் பிரதேச சபையில் கேளிக்கை வரி விலக்குக்கு முன்கூட்டியே எழுதவேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு எத்தனை மணி வரை என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளை போட்டது.

மண்டபத்துக்குள் வேலை செய்பவர்களை யாரும் யோசிப்பதில்லை. 2018 ஜனவரி 18 அன்று லண்டன் டோர்செஸ்டர் ஹோட்டலில் பிரெசிடென்ட்ஸ் கிளப் நடத்திய விருந்தும் ஏலமும் சிறுவர் வைத்தியசாலை உள்ளிட்ட அறப்பணிகளுக்காகத்தான். ஆண்கள் மட்டும் விருந்தாளிகள், பரிமாறவும் உபசரிக்கவும் 130 பெண்கள், அவர்களிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று ஒப்பம் வேறு. பைனான்ஷியல் டைம்ஸ் செய்தியாளர் ஒருவர் அந்தப் பெண்களில் ஒருவராக உள்ளே போய், அங்கே நடந்த தொந்தரவுகளை எழுதினார். கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலை முன்னர் வாங்கிய நன்கொடையையே திருப்பிக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. அந்தக் கிளப் ஒரே நாளில் மூடுவிழா அறிவித்தது. திரையில் காட்டுகிற நோயாளியும் இதே கணக்கில்தான் வருகிறார். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் முகத்தையோ நோயின் பெயரையோ காட்டாதீர்கள். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறது. சம்மதம் கேட்கும்போதும், மறுத்தால் சிகிச்சைக்கு இடைஞ்சல் வருமோ என்று பயப்படுகிற நிலையில் அவர்களை வைத்துக் கேட்கக்கூடாது.

காசுக்கு வருவோம். தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவரானாலும். ஏலம் நடத்தும் சங்கத்தின் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையொப்பம், இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. சங்கம் எங்கே பதிந்தது என்று கேளுங்கள்: பிரதேச செயலகத்திலா, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழா, கம்பனிச் சட்டத்தின் கீழா? எங்கும் இல்லையென்றால் காசுக்குப் பொறுப்பும் எங்கும் இல்லை. பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கி நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். பையில் கட்டுக் கட்டாக வரும் அன்பளிப்பைக் கண்டு மகிழும் முன்னர் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீசில் "சேரும் பணம் முழுவதும் வைத்தியசாலைக்கு" என்று அடித்திருப்பார்கள். பன்னிரண்டு இலட்சம் சேர்ந்து மண்டபம், சாப்பாடு, பாட்டுக் குழு, வீடியோ என்று ஏழு இலட்சம் போனால் முழுவதும் என்றால் எவ்வளவு? செலவு போக மிஞ்சியதா, செலவை வேறு யாராவது ஏற்றார்களா? இதை அன்றிரவே மேடையில் கேட்கலாம். இலக்கு எட்டாவிட்டால் சேர்ந்த காசை என்ன செய்வது என்பதையும் முன்னரே எழுதி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அது வருடக்கணக்காக வங்கியில் கிடக்கும், பிறகு "வேறு நல்ல காரியத்துக்கு" நழுவிப் போகும்.

அப்படி நழுவினால் வழி இருக்கிறது. ஒன்றுக்கென்று ஒப்படைத்த காசை நேர்மையற்று வேறொன்றுக்கு எடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 388, 389ஆம் பிரிவுகளில் நம்பிக்கை மோசடி. இல்லாத நோயாளியைக் காட்டிக் காசு வாங்குவது 398 முதல் வரும் ஏமாற்றுதல். பற்றுச்சீட்டு, நோட்டீஸ், வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடலாம். போலிக் கணக்கோ கியூஆர் குறியீடோ இணையத்தில் சுற்றினால் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் சொல்லுங்கள், வங்கிக்கு அதற்கும் முன்னர் சொல்லுங்கள். பொருளைப் பற்றிய சின்னத் தகராறுக்கு நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை, மத்தியஸ்த சபை போதும், கட்டணமும் இல்லை.

வைத்தியசாலை பெற்றுக்கொண்டதா, வாங்கிய இயந்திரம் ஓடுகிறதா என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள். விண்ணப்பத்தில் மூன்று கேள்வி போதும்: இன்ன திகதியில் நடந்த ஏல மாலையின் பேரில் எவ்வளவு பணம், எந்தத் திகதியில் கிடைத்தது? அதில் வாங்கிய பொருளின் இருப்புப் பதிவேட்டு இலக்கம் என்ன? அந்தப் பொருள் இன்று எந்த வார்ட்டில் இருக்கிறது?